ஆற்றுக்கு எதிரே விழுந்தவன்

உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எனக்குப் பழக்கமில்லை. எழுதவும் கை வரவில்லை. அதனால் வெறுமனே தொடங்குகிறேன்.

இன்று காலை கிணற்றுக்குப் புதுக்கயிறு மாற்றினோம். கோமதி அதை நேற்றே தொட்டித் தண்ணீரில் ஊறப்போட்டிருந்தாள். நான் குனிந்து எடுத்தபோது ஊறின தேங்காய்த் தும்பின் வாடை முகத்தில் அடித்தது. எடுத்த கயிற்றைப் பிடித்தபடி தொட்டி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். "என்னம்மா செய்யுது?" என்று கோமதி கேட்டாள். தலை சுற்றுகிறது என்று சொன்னேன். அவளுக்கு அந்த வாடை நினைவிருக்க நியாயமில்லை. அன்று அவள் என் மடியில் கைக்குழந்தை.

நமக்குக் கல்யாணமான புதிதில் திருநெல்வேலி டவுனில் இருந்தோமே, அந்த வாடகை வீட்டுச் சமையற்கட்டு இப்போது கண்ணில் நிற்கிறது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, நான் மாவாட்டுகிற இடத்துக்கு நேரே வந்து உட்காருவீர்கள். மறுநாள் பையன்களுக்கு நடத்தவேண்டிய பௌதிகப் பாடத்தை எனக்கு நடத்திப் பார்ப்பீர்கள். பையன்கள் இங்கிலீஷில் விதியை மழை மாதிரி ஒப்பிக்கிறார்கள், வண்டி ஏன் நிற்கிறது என்று கேட்டால் விழிக்கிறார்கள் என்பது உங்கள் குறை. தமிழில் சொல்ல வேண்டும், ஆனால் தமிழில் எப்படிச் சொல்வது என்று தேடிக்கொண்டிருந்தீர்கள். எனக்குப் பாளையங்கோட்டையில் படித்த நாலெழுத்து உண்டு. அதைவிட எதையும் லேசில் நம்பாத குணம் உண்டு. உங்களுக்கு அதுதான் வேண்டியிருந்தது.

"ஏளா, போய்க்கிட்டிருக்க பொருளை ஒண்ணும் தடுக்கலைன்னா அது போய்க்கிட்டேதான் இருக்கும். நம்புதியா?"

"நம்பல."

"ஏன்?"

"கையை எடுத்தா குழவி நிக்குது. மாட்டை அவுத்தா வண்டி நிக்குது. எதுதான் போய்க்கிட்டே இருக்கு?"

"அது நிக்கல. அதை நிறுத்துது. குழவியைக் கல்லு நிறுத்துது, சக்கரத்தை மண்ணு நிறுத்துது."

நான் மாவை வழித்துக்கொண்டே யோசித்தேன். சும்மா கிடக்கிறதும் யாராவது அசைத்தால்தானே அசைகிறது என்று கேட்டேன். ஆமாம், அதுவும் இதே விதிதான் என்றீர்கள். "அப்பம் ரெண்டும் ஒரே பிடிவாதந்தான்" என்றேன். நீங்கள் சட்டென்று எழுந்து நின்றீர்கள். தமிழ்க் கலைச்சொல் புத்தகத்தில் அதற்குச் சடத்துவம் என்று போட்டிருந்ததாம். அதற்குப் பிறகு உங்கள் வகுப்பில் அது பிடிவாதம் ஆகிவிட்டது. சாஸ்திரத்தில் ஏது பிடிவாதம் என்று தலைமையாசிரியர் கூப்பிட்டுக் கேட்டதாகவும், வீட்டில் சொன்னார்கள் என்று பதில் சொன்னதாகவும் வந்து சொன்னீர்கள். அதைச் சொல்லும்போது உங்கள் முகத்தில் இருந்த பெருமை எனக்கு இன்றைக்கும் போதும்.

குறுக்குத்துறைப் படித்துறையில் ஒருநாள் உங்கள் வேட்டியை அலசிக்கொண்டிருந்தேன். ஓட்டம் கூடின நாள். துணியை ஆறு பிடுங்கப் பார்த்தது, நான் இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். மேல்படியில் நின்ற நீங்கள், "விட்டுப் பாரு. நீ பிடிச்சிருக்கதாலதான் ஆறு அதைப் போட்டு இழுக்கு. விட்டா இழுக்காது, கூடக் கூட்டிக்கிட்டுப் போவும்" என்றீர்கள். "வேட்டியும் போயிரும்" என்றேன். பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தீர்கள். அப்படி வாய்விட்டு நீங்கள் சிரித்த நாட்கள் அந்தக் காலத்தோடு சரி.

பிறகு ஆற்றின் மேல்பகுதியில், வடகரை ஊரில் புதிதாகத் தொடங்கின பள்ளிக்கூடத்துக்கு உங்களைக் கூப்பிட்டார்கள். பாடத்தைத் தமிழில் நடத்திக்கொள்ளலாம் என்று அவர்கள் சொன்ன ஒரு வார்த்தைக்காகவே சம்மதித்தீர்கள். ஐப்பசி அடைமழையில் சட்டிபானையைக் கட்டி, கோமதியை மடியில் வைத்துக்கொண்டு கிளம்பினோம். தென்கரை வரையில் மாட்டுவண்டி. அங்கிருந்து ஓடம்.

ஓடம் சுடலைமுத்துவுடையது. அவனும் அவன் தம்பி இசக்கிமுத்துவும் அந்தக் கடவில் ஓடம் விட்டுக்கொண்டிருந்தார்கள். வெள்ள நாளில் கழியை மட்டும் ஊன்றினால் ஓட்டம் ஓடத்தைக் கீழே கொண்டுபோய்விடும் என்பதால், இரண்டு கரை மருத மரங்களிலும் தும்பில் முறுக்கிய பெரிய வடம் ஒன்றை ஆற்றின் குறுக்கே கட்டியிருந்தார்கள். ஓடத்தின் விளிம்பிலிருந்து ஒரு குட்டைக் கயிறு வளையம்போட்டு அந்த வடத்தில் தொங்கும். வடத்தைப் பிடித்து இழுத்து இழுத்து ஓடத்தை அக்கரை சேர்ப்பார்கள். "தண்ணி பையத்தான் ஏறுது ஐயா. இப்பம் போனா போயிரலாம். நாளைக்குச் சொல்ல முடியாது" என்றான் சுடலைமுத்து. நம்மோடு கருப்பட்டி வியாபாரம் செய்கிற அண்ணாச்சி ஒருவர் கூடைகளோடு ஏறினார். வயலில் வேலை முடித்துத் திரும்பும் பெண்கள் சிலரும் ஏறினார்கள்.

நடு ஆற்றில் அந்த மரம் வந்தது. வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்த மரம். அது ஓடத்தின் மேல்பக்கத்தில் வந்து மோதி, கிளைகளை வடத்துக்கும் குட்டைக் கயிற்றுக்கும் நடுவே நுழைத்துக்கொண்டது. வளையம் இறுகிப்போயிற்று. ஓடம் முன்னேயும் போகவில்லை, பின்னேயும் வரவில்லை. மோதின அதிர்வில் சுடலைமுத்துவின் இடுப்புக் கத்தி தண்ணீரில் போய்விட்டது. ஆறு ஓடத்தின் மேல்விளிம்பில் ஏறி உள்ளே கொட்டத் தொடங்கியது. இசக்கிமுத்து அந்த விளிம்போரம் எழுந்து நின்று, வெள்ளம் வருகிற திசையைப் பார்த்தபடி, கழியை மரத்தின்மேல் ஊன்றித் தள்ளிப் பிடித்துக்கொண்டான். அண்ணன் அவனுக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு வளையத்தை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சுடலை, அந்தக் குட்டைக் கயித்தை அறுத்துரு" என்றீர்கள்.

"அறுத்தா அணைக்கட்டுல போய் விழுவோம் ஐயா."

"அணைக்கட்டு கீழ இருக்கு. தண்ணி இங்கன உள்ள வந்துட்டு. நாம கட்டிக் கிடக்கதாலதான் ஆறு நம்மள அடிக்கு. விட்டுட்டா அது கூடப் போவோம். கூடப் போற ஓடத்தை நீ கழியால கரைக்குத் திருப்ப முடியுமா, முடியாதா? அதைச் சொல்லு."

அவன் கீழே ஆற்றைப் பார்த்தான். "வளைவுக்குள்ள திருப்பிரலாம்" என்றான்.

நீங்கள் என்னைப் பார்ப்பதற்கு முன்பே நான் பாத்திர மூட்டையைப் பிரித்து அரிவாள்மணையை எடுத்துவிட்டேன். உங்களை நம்பினேனா, அல்லது மடியில் பிள்ளை நனைவதைப் பார்த்துப் பயந்தேனா என்று இப்போதும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அதை வாங்கிச் சுடலைமுத்துவிடம் கொடுத்துவிட்டு நீங்கள் உரக்கச் சொன்னீர்கள்: "எல்லாரும் உக்காருங்க. கயிறு விட்டதும் ஓடம் வெடுக்குனு போவும். நிக்கவங்க விழுந்திருவாங்க." எல்லாரும் ஓடத்துத் தண்ணீரிலேயே உட்கார்ந்தோம். "இசக்கி, நீயும் உக்காருலே."

"நான் கழியை எடுத்தா மரம் உள்ள வந்துரும் ஐயா" என்றான் அவன். திரும்பிப் பார்க்காமல்தான் சொன்னான். அவன் சொன்னதும் உண்மை. கயிறு அறுகிற வரைக்கும் யாராவது ஒருவர் நின்று அந்த மரத்தைத் தடுத்தே ஆகவேண்டும்.

கயிறு அறுந்தது. ஓடம் நம் அடியில் துள்ளி ஓடியது. நான் பிள்ளையை மூடிக்கொண்டு குனிந்தேன். நிமிர்ந்தபோது இசக்கிமுத்து நின்ற இடத்தில் அவன் இல்லை.

சுடலைமுத்து தம்பியின் பெயரைச் சொல்லி ஒருமுறை அலறினான். நீங்கள் ஓடத்தில் கிடந்த இன்னொரு கழியை எடுத்து அவன் கையில் திணித்தீர்கள். ஆற்றில் ஓடத்தைப் பின்னால் திருப்பிப் போக வழியில்லை. அவன் அழுதுகொண்டே கழியை ஊன்றினான். ஓடம் இப்போது சொன்னபடி கேட்டது. ஒவ்வொரு ஊன்றலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைப் பக்கம் ஒதுங்கி, வளைவில் தேங்கின தண்ணீரில் போய் நின்றது. நாம் மற்ற எல்லோரும் பிழைத்தோம். வெள்ளம் வடிந்த பிறகு இசக்கிமுத்துவை அணைக்கட்டு மதகோரம் கண்டெடுத்தார்கள்.

அவனைக் கொண்டுவந்து எரித்த சாம்பல் ஆறுவதற்குள் ஊரில் பேச்சு மாறிவிட்டது. சுடலைமுத்துதான் தம்பியைத் தள்ளிவிட்டான் என்றார்கள். காரணமும் இருந்தது. இசக்கிமுத்துவுக்குக் கொழும்புப் பக்கம் தோட்ட வேலைக்குப் போக ஆசை. அண்ணனுக்கு அதில் கொஞ்சமும் சம்மதமில்லை. வெள்ளம் வருவதற்கு முந்தின நாள் கரையில் நின்று இருவரும் வாய்ச்சண்டை போட்டதை ஊரே கேட்டிருந்தது. அதோடு, கருப்பட்டி அண்ணாச்சி கண்ணால் கண்ட சாட்சி. அவர் பொய் பேசுகிறவர் இல்லை என்பதுதான் இன்னும் மோசம்.

கிராம முன்சீப் சாவடியில் விசாரணை வைத்தார். ஓடத்தில் வந்த எல்லோரையும் வரச்சொன்னார்கள். பெண்கள் வேப்பமரத்தடியில் ஒதுங்கி நின்றோம். இசக்கிமுத்துவின் பெண்சாதி பேச்சியும் அங்கே இருந்தாள். வயிற்றில் பிள்ளை. அவள் அழவில்லை. மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுடலைமுத்து தலையில் துண்டு இல்லாமல், கைகட்டி நின்றான். யார் எதைக் கேட்டாலும், "என் தம்பி போயிட்டான் ஐயா" என்பதற்குமேல் அவன் வாயில் வேறு வார்த்தை வரவில்லை.

அண்ணாச்சி நடந்ததைச் சொன்னார். "நான் அவங்க ரெண்டு பேருக்கும் பின்னால இருந்தேன். கயிறு அறுந்ததும் சுடலை கை அவன் முதுகுக்குப் போச்சு. அவன் முன்னால குப்புற விழுந்தான். இதைத்தான் நான் பாத்தேன். கூட்டியோ குறைச்சோ சொல்லல."

முன்சீப் கேட்டார்: "எந்தப் பக்கம் விழுந்தான்?"

"தண்ணி வார பக்கம். மேல்பக்கம்."

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. ஆறு கீழே இழுக்கிறது. ஆறு தள்ளி விழுந்தவன் கீழ்ப்பக்கம்தானே விழவேண்டும்? ஆற்றுக்கு எதிரே, மேல்பக்கமாக ஒருவன் விழுந்தான் என்றால் ஒரு கை தள்ளாமல் எப்படி விழுவான்? முன்சீப்பும் அதைத்தான் சொன்னார். தாலுகாவுக்கு எழுதி அனுப்பப் பேனாவை எடுத்தார். அவர் எழுதினால் சுடலைமுத்துவின் கதி என்ன என்று அங்கே எல்லாருக்கும் தெரியும்.

அப்போதுதான் நீங்கள் எழுந்தீர்கள். "அறுக்கச் சொன்னது நான்தான். அதை முதல்ல எழுதிக்கிடுங்க" என்றீர்கள்.

"அதை யாரும் கேக்கலையே வாத்தியாரய்யா. தள்ளுனது யாருங்கதுதான் கேள்வி."

"அதுக்கும் பதில் சொல்லுதேன். சாவடி வாசல்ல நிக்க அந்த மாட்டுவண்டியைக் கொஞ்சம் தரச் சொல்லுங்க."

நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்று அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும் பாதி புரிந்தது. வண்டி திறந்த வண்டி, மேலே கூண்டில்லை. அண்ணாச்சியை ஏறி உட்காரச் சொன்னீர்கள். ஓடத்தில் எங்கே இருந்தாரோ அதே மாதிரி, உங்களுக்குப் பின்னால். நீங்கள் வண்டியின் பின்னோரத்தில், மாடுகளுக்கு முதுகு காட்டி, கூட்டத்தைப் பார்த்து நின்றீர்கள். எதையும் பிடித்துக்கொள்ளவில்லை. இசக்கிமுத்துவின் கழிக்குப் பதில் கைகளை முன்னால் நீட்டிக்கொண்டீர்கள்.

"வண்டி போற பக்கம் ஆறு போற பக்கம். நான் ஆறு வார பக்கத்தைப் பாத்து நிக்கேன். இசக்கி இப்படித்தான் நின்னான். ஏலே, மாட்டை வெடுக்குனு ஓட்டு."

வண்டிக்காரன் தயங்கினான். முன்சீப்பும் வேண்டாம் என்று கை காட்டினார். "ஓட்டு" என்று மறுபடி சொன்னீர்கள். அந்தக் குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

வண்டி பாய்ந்தது. நீங்கள் அப்படியே முன்னால் குப்புறச் சரிந்து தரையில் விழுந்தீர்கள். இடது கை உடம்புக்கு அடியில் மடங்கிப்போயிற்று. எலும்பு முறிந்த சத்தம் வேப்பமரத்தடிவரை கேட்டது. நான் ஓடி வரப் பார்த்தேன். நீங்கள் மற்றொரு கையைத் தூக்கி என்னை நிற்கச் சொன்னீர்கள்.

ஆனால் ஊர் அந்த நேரம் உங்களைப் பார்க்கவில்லை. வண்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அண்ணாச்சி பாதி எழுந்து, உங்கள் முதுகு இருந்த இடத்துக்கு நேரே வலது கையை நீட்டியபடி அப்படியே இருந்தார்.

தரையில் இருந்தபடியே நீங்கள் கேட்டீர்கள்: "அண்ணாச்சி, நீங்க என்னைத் தள்ளுனீயளா?"

அவர் தன் கையைப் பார்த்தார். "இல்ல ஐயா. விழுதியளேன்னு பிடிக்கப் போனேன்."

"பிடிக்க முடிஞ்சுதா?"

"இல்ல."

நீங்கள் எழுந்து உட்கார்ந்து, முறிந்த கையை மடியில் வைத்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னீர்கள். வகுப்பில் பேசுகிற மாதிரி இல்லை. அடுத்த வீட்டில் சொல்கிற மாதிரி சொன்னீர்கள். "என்னை ஒருத்தரும் தள்ளல. வண்டிதான் போச்சு. நான் நின்ன இடத்துலயே நிக்கப் பாத்தேன். காலை வண்டி கொண்டுட்டுப் போயிட்டு, உடம்பு பின்தங்கிட்டு. அன்னைக்கும் கட்டிக் கிடந்த ஓடத்தை ஆறு சட்டுனு கொண்டுட்டுப் போச்சு. உக்காந்திருந்தவங்க ஓடத்தைப் பிடிச்சிருந்தோம், அது கூடப் போனோம். அவன் நின்னுக்கிட்டிருந்தான். அவன் காலுக்கு அடியில இருந்து ஓடம் போயிட்டு. ஆறு தள்ளி விழுந்திருந்தா கீழ்ப்பக்கம் விழுந்திருப்பான். ஆறு அவனைத் தள்ளல, ஓடத்தைத்தான் தள்ளுச்சு. அதனாலதான் மேல்பக்கம் விழுந்தான்."

அண்ணாச்சி வண்டியிலிருந்து இறங்கிவந்து முன்சீப்பின் முன்னால் நின்றார். "நான் பாத்தது கையைத்தான். அது தள்ளுன கைன்னு நானாத்தான் நினைச்சுக்கிட்டேன். அப்படியே எழுதுங்க" என்றார். முன்சீப் அப்படியே எழுதினார்.

சுடலைமுத்து அதுவரை நின்றவன், தரையில் உட்கார்ந்து, துண்டில்லாத தலையைக் கையால் மூடிக்கொண்டு அழுதான். தம்பிக்காக அவன் அழ முடிந்தது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்து கட்டுப் போட்டுப் படுத்திருந்தபோது, "அண்ணாச்சி கையை நீட்டுவாருன்னு தெரிஞ்சுதான் ஏறச் சொன்னியளா?" என்று கேட்டேன். இல்லை, நீங்கள் எப்படி விழுகிறீர்கள் என்று கிட்டத்திலிருந்து அவர் பார்க்கவேண்டும் என்றுதான் நினைத்ததாகச் சொன்னீர்கள். சற்று நேரம் கழித்து, "அவரு நல்ல மனுசன். நல்ல மனுசனுக்குக் கை தானா நீளும்" என்றீர்கள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். உங்கள் தோள் குலுங்கிற்று. வலியினால் என்று நானே சொல்லிக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

சில நாள் கழித்துப் பேச்சி வந்தாள். கூட யாரும் வரவில்லை. வாசலுக்கு வெளியிலேயே நின்றவளை நான் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தேன். சாவடியில் சொன்னதெல்லாம் அவளும் கேட்டவள்தான். ஆனாலும் மறுபடி கேட்க வந்திருந்தாள்.

"ஐயா, கொழும்புக்குப் போவக்கூடாதுன்னு அவரை ஏசுனது அண்ணன்தான். வீட்டுக்கு வந்து என்கிட்டச் சொல்லி அழுதாரு. அதான் கேக்கேன். அவரு விழும்போது பக்கத்துல யாரும் கோவத்துல இல்லையே?"

உறுதியாகத் தெரிந்ததை மட்டும் சொல்வது உங்கள் வழக்கம். "நான் அவன் அண்ணன் முகத்தை நேரே பாத்தேன் தாயி. அதுல கோவம் இல்ல. தம்பி வேட்டியைப் பிடிக்கத்தான் அந்தக் கை போச்சு. நுனி விரல்ல பட்டு வழுவிப் போயிட்டு. அறுக்கச் சொன்னவன் வாயால சொன்னா எடுபடாதுன்னுதான் இதைச் சாவடியில சொல்லல."

அவள் தலையை ஆட்டினாள். நான் கொடுத்த மோரை வாங்கிக் குடித்தாள். வாசல்வரை போய்விட்டுத் திரும்பி, "ஒங்க கை சரியாயிருமா?" என்று கேட்டாள்.

சரியாகவில்லை. மணிக்கட்டு கோணலாகத்தான் கூடிற்று. செம்பைத் தூக்கினால் தண்ணீர் சிந்தும். கரும்பலகைக்கு முன்னால் புத்தகத்தை இடது கையில் விரித்துப் பிடிக்க முடியாமல், மேஜைமேல் வைத்துக் குனிந்து பார்த்துப் பாடம் நடத்தினீர்கள். அந்தப் பள்ளிக்கூடத்தில் வருஷம் தவறாமல் இயக்க விதிகளை நடத்தினீர்கள். வண்டியைச் சொல்வீர்கள், ஊஞ்சலைச் சொல்வீர்கள், தண்ணீர்க் குடத்தைச் சொல்வீர்கள். ஓடத்தை மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை. உங்களிடம் படித்த பையன்கள் சொல்லித்தான் எனக்கு இது தெரியும். ஒருமுறை ஏன் என்று கேட்டேன். "அது உதாரணம் இல்ல ஏளா, அது இசக்கி" என்றீர்கள்.

அறுக்கச் சொன்னது சரிதானா என்று நீங்கள் ஒருநாளும் என்னிடம் கேட்டதில்லை. சரி என்று உங்களுக்குத் தெரியும். கணக்குப்படி வேறு வழி இல்லை. ஆனால் சரியாகச் செய்தும் ஒரு மனிதன் போனான் என்பதை எந்தக் கணக்கிலும் வைக்க முடியாமல் மனசிலேயே வைத்திருந்தீர்கள். சிலநாள் சாயங்காலம் ஆற்றங்கரைக்குப் போய் வெகுநேரம் நின்றுவிட்டு வருவீர்கள். நான் சாப்பாட்டை மூடிவைத்துக் காத்திருப்பேன். அதைத் தவிர உங்களுக்கு வேறெதுவும் செய்ய எனக்குத் தெரியவில்லை.

விஷக்காய்ச்சல் வந்த வருஷம் ஓடக்காரத் தெருவில் வீட்டுக்கு வீடு ஆள் படுத்துவிட்டார்கள். கஞ்சி காய்ச்சிக் கொடுக்க எழுந்து நிற்கிற ஆள் இல்லை. நீங்கள் போனீர்கள். நான் காய்ச்சிக் கொடுத்தேன், நீங்கள் வலது கையில் தூக்குச்சட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தீர்கள். பேச்சியும் அவள் மகனும் பிழைத்தார்கள். சுடலைமுத்துவும் பிழைத்தான். நீங்கள் படுத்தீர்கள். காய்ச்சல் உங்களை அதிக நாள் வைத்திருக்கவில்லை. கடைசியில் பேச்சு குழறிய நேரத்தில் என்னிடம் எதையோ சொல்ல வாயெடுத்தீர்கள். காதை வைத்துக் கேட்டேன். புரியவில்லை. புரிந்த மாதிரித் தலையாட்டினேன். உங்கள் முகம் அமைதியானது. அது போதும் என்று நினைத்துக்கொண்டேன், வேறென்ன செய்ய.

ஆற்றங்கரையில் உங்களை எரித்தபோது சுடலைமுத்து தூரத்தில், தலைத்துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கடைசி ஆள் போகிறவரை நின்றானாம். அண்ணாச்சி குலசேகரன்பட்டினத்தில் இருந்தவர், செய்தி கேட்டு வண்டி கட்டி வந்தார். வந்தவர் அழுதுவிட்டுப் போனார்.

பதினாறாம் நாள் முடிந்ததும் சொந்தக்காரர்கள் கூடி உட்கார்ந்து என்னைக் கேட்டார்கள். காய்ச்சல்காரத் தெருவுக்கு அவரை யார் போகவிட்டது என்று. உங்கள் பெரியப்பா மகன்தான் கேட்டார். "யாரும் அனுப்பல. போறேன்னாரு, நான் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தேன்" என்றேன். அதைச் சொல்ல எனக்கு எங்கிருந்தோ தைரியம் வந்தது. சாவடியில், கேட்காத கேள்விக்கு முதல் ஆளாய் எழுந்து பதில் சொன்னீர்களே, அங்கிருந்துதான் வந்திருக்கவேண்டும். செய்ததைச் செய்தேன் என்று சொல்லிவிட்டால் பிறகு யாரும் கையைப் பிடித்துத் திருக முடியாது. உங்களோடு இருந்த வருஷங்களில் நான் கற்றதில் பௌதிகம் கொஞ்சம், இது மிச்சம்.

இப்போது கோமதிக்காக மறுபடி கூடி உட்கார்ந்திருக்கிறார்கள். ஆழ்வார்திருநகரிப் பக்கம் ஒரு மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்களாம். தகப்பன் இல்லாத பெண்ணை வைத்துக்கொண்டிருக்கக்கூடாது என்கிறார்கள். அவளுக்குப் படிக்க ஆசை. நான் நம்பாமல் கேட்ட கேள்விகளை எல்லாம் அவள் நம்பாமல் கேட்கிறாள். பதில் சொல்ல நீங்கள் இல்லை, எனக்குத் தெரிந்ததும் தீர்ந்துவிட்டது. பாளையங்கோட்டையில் பெண்பிள்ளைகள் தங்கிப் படிக்கிற பள்ளிக்கூடத்தில் இடம் கேட்டு எழுதினேன். வரச்சொல்லிவிட்டார்கள்.

உங்கள் பெரியப்பா மகன் வாசலில் நின்றே கேட்டார். "அவரு இருந்தா இதுக்குச் சம்மதிப்பாரா?"

"அவருகிட்டக் கேக்காமலா செய்வேன்" என்றேன்.

அவர் என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டுப் போனார். சொல்லிவிட்ட பிறகுதான், உங்களிடம் இன்னும் கேட்கவில்லையே என்று உறைத்தது. அதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுதி வரும்போதே பதிலும் தெரிந்துவிட்டது.

திங்கட்கிழமை அவளைக் கொண்டுபோய் விடுகிறேன். மழை தொடங்கிவிட்டது, ஆற்றில் தண்ணீர் ஏறியிருக்கிறது என்கிறார்கள். அன்று கரையேறியதிலிருந்து நான் ஓடத்தில் கால் வைக்கவில்லை. சுற்றிக்கொண்டு பாலம் வழியாகப் போகலாம். ஆனால் கோமதி ஓடத்தில்தான் போகவேண்டும் என்கிறாள். அவளுக்கு ஆற்றைக் கண்டு பயமில்லை. எனக்கும் பயம் போய்விட்டது என்று உங்களுக்கு எழுத ஆசைதான். போகவில்லை. இருந்தாலும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஏறப்போகிறேன்.